விமானப் பராமரிப்புப் படிப்பில் தம்பியைச் சேர்க்கலாமா?

நெகிரி செம்பிலான் பகாவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். தம்பி எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்துவிட்டான். கணக்கில் பி, இயற்பியலில் சி, ஆங்கிலத்தில் சி. கோயில் மண்டபத்துக்கு ஒரு கல்லூரி ஏஜெண்ட் வந்து பேசியிருக்கிறார்: இரண்டு வருடம் படித்தால் விமான இன்ஜினியர், கையில் லைசென்ஸ், ஐந்து இலக்கச் சம்பளம், இந்த மாதமே முன்பணம் கட்டினால் இடம் உறுதி. அப்பா இல்லை, அம்மா இன்னும் தோட்டத்து வேலைக்குப் போகிறார், கடன் இந்தத் தங்கையின் தலையில்தான் விழும். நம்பிச் சேர்க்கலாமா, லைசென்ஸ் வகைகளில் பி1-ஆ பி2-ஆ, டிகிரிக்குப் போவது மேலா, நம் பிள்ளைகளை அங்கே வேலைக்கு எடுப்பார்களா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நானும் பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா செம்பனை ஆலைப் பட்டறையில் ஃபிட்டர், அம்மா பால்வெட்டு. நான் இந்தத் தொழிலுக்கு வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, பி1.1 லைசென்ஸ் வைத்திருக்கிறேன், இப்போது சிப்பாங்கில் இரவு ஷிஃப்டு. படிப்பு நல்ல படிப்பு, தொழில் அதைவிட நல்ல தொழில். ஆனால் அந்த ஏஜெண்ட் உங்களிடம் விற்கப் பார்ப்பது வேறு ஏதோ ஒன்று. அதனால் நீங்கள் எதற்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தத் தொழிலில் எல்லாம் கடைசியில் ஒரு கையெழுத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் டெக் லாக் என்று ஒரு புத்தகம் இருக்கும், சில நிறுவனங்களில் இப்போது டேப்லட். ‘இடது பக்க பிரேக் அதிகமாகச் சூடாகிறது’ என்று பைலட் அதில் எழுதி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதைப் பார்த்து, பிரித்து, மாற்றி, சோதித்து, ‘கையேட்டின் இந்தப் பகுதிப்படி வேலை முடிந்தது, விமானம் சேவைக்குத் திரும்பலாம்’ என்று ஒருவர் தன் எண்ணைப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் அடுத்த பைலட் விமானத்தை எடுக்க மாட்டார். அந்தக் கையெழுத்தைப் போடுகிற உரிமைக்குத்தான் தம்பி படிக்கப் போகிறான். டிப்ளோமா, யூனிஃபார்ம், பட்டமளிப்புப் படம் எல்லாம் அந்த வழியில் நடுவில் வருகிறவை. யார் வந்து என்ன சொன்னாலும், ‘இது அவனை அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோய் விடும்?’ என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, ‘இரண்டு வருடத்தில் லைசென்ஸ்’. நடக்காது. நம் நாட்டில் லைசென்ஸ் கொடுப்பது மலேசிய வான் போக்குவரத்து ஆணையம், நாங்கள் சி.ஏ.ஏ.எம். என்போம், 2018க்கு முன்னால் டி.சி.ஏ. என்று இருந்தது. அதன் லைசென்ஸ் விதிகள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈ.ஏ.எஸ்.ஏ. வைத்திருக்கும் ‘பார்ட் 66’ அச்சில் வார்த்தவை. அந்த ஐரோப்பிய முறையில் டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கான (பெரிய ஜெட்டுகள் இதில்தான் வரும்) பி1.1 அடிப்படைப் பயிற்சி 2,400 மணி நேரம், அதில் கிட்டத்தட்டப் பாதி பட்டறையில். 13 மாடியூல் தேர்வுகள் இருக்கும். கணக்கு, இயற்பியல், மின்சாரம் என்று பள்ளிப் பாடம் மாதிரித் தொடங்கி, உலோகமும் போல்ட்டு நட்டும், பராமரிப்பு முறைகள், காற்றியக்கம், மனிதத் தவறுகள், சட்டம், விமானத்தின் உடலமைப்பு, டர்பைன் இன்ஜின், புரொபெல்லர் வரைக்கும் போகும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ், 74 எடுத்தாலும் ஃபெயில்தான். அதெல்லாம் முடிந்த பிறகு, நிஜமாகவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் 2 வருட வேலை அனுபவம் வேண்டும், செய்த வேலையை ஒவ்வொன்றாக லாக்புக்கில் எழுதி மேலே உள்ளவரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி இல்லாமல் வெளியிலிருந்து தேர்வு எழுதி வருகிறவருக்கு அந்த 2 வருடம் 5 வருடம் ஆகிவிடும், வேறொரு தொழில்நுட்பத் துறையில் தேர்ந்த வேலைக்காரராக இருந்தால் 3.

அப்புறம் டைப் ரேட்டிங். லைசென்ஸ் வந்த அன்றைக்கே போய் ஒரு போயிங் 737-இல் கையெழுத்து வைக்க முடியாது. 737 என்றால் 737-க்கு, ஏ320 என்றால் ஏ320-க்கு, அதிலும் எந்த இன்ஜின் மாட்டியிருக்கிறது என்பது வரைக்கும் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதி லைசென்ஸில் ஏற்ற வேண்டும். முதல் ரேட்டிங்குக்கு விமானத்தின் அருகிலேயே நின்று செய்யும் பயிற்சியும் உண்டு. அதற்கு மேல், வேலை செய்யும் நிறுவனம் தன் சார்பில் கையெழுத்திட அனுமதி கொடுக்க வேண்டும். ஆக 17 வயதில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, எங்கேயும் சறுக்காமல் போனால் 20, 21-இல் பாடத்தை முடிப்பான், 23 வாக்கில் லைசென்ஸ், 24 அல்லது 25-இல் முதல் கையெழுத்து. சம்பளமும் இப்படித்தான் படி ஏறும்: பயிற்சி மெக்கானிக்காக இருக்கும்போது சாதாரணச் சம்பளம், லைசென்ஸ் வந்ததும் ஒரு தாவல், ரேட்டிங் ஏறியதும் அதைவிடப் பெரிய தாவல். அந்த ஏஜெண்ட் சொன்ன சம்பளம் மூன்றாவது படியில் நிற்பவருடையது, அதை முதல் படிக்காரனுக்குச் சொல்லி விற்கிறார். உங்கள் கடனோ முதல் படியிலேயே தவணை கேட்கும், இதைத்தான் நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘அரசாங்க அங்கீகாரம் இருக்கு’ என்று ஒரு கடிதத்தைக் காட்டுவார்கள். எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் என்றால் அந்த டிப்ளோமா ஒரு கல்வித் தகுதியாகச் செல்லும் என்று பொருள், பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்க அது வேண்டும். ஆனால் லைசென்ஸுக்கு அது போதாது. அந்தக் கல்லூரி சி.ஏ.ஏ.எம்.மிடமிருந்து ‘பார்ட் 147’ பயிற்சி நிறுவனம் என்ற ஒப்புதலை வைத்திருக்க வேண்டும், அந்த ஒப்புதல் தாளில் எந்த வகைக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பி1.1 என்றால் பி1.1, பி2 என்றால் பி2, ஏ (சின்னச் சின்னப் பராமரிப்பு வேலைகளுக்கான வகை) என்றால் ஏ மட்டும்தான். கல்வி முத்திரை வேறு, லைசென்ஸ் முத்திரை வேறு, உங்களுக்கு இரண்டும் வேண்டும். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை சி.ஏ.ஏ.எம். தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது, ஏஜெண்ட் கொண்டுவரும் நகலை விட்டுவிட்டு அங்கே போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், பக்கத்துத் தோட்டம்தான், பேர் வேண்டாம். மூன்று வருடம் ஒரு கல்லூரியில் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தான். அவன் படித்த பிரிவுக்கு அந்தக் கல்லூரியின் ஒப்புதல் பொருந்தவில்லை என்பது வேலைக்கு மனுப் போட்டபோதுதான் தெரிந்தது. மாடியூல் தேர்வுகளை முதலிலிருந்து சொந்தக் காசில் எழுதினான், அனுபவக் கணக்கும் நீண்ட வழியில் போய்விட்டது. இன்று நல்ல நிலையில் இருக்கிறான், ஆனால் அவன் அம்மா அடகு வைத்த நகை திரும்பவில்லை. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த அம்மாவை நினைத்துத்தான்.

எங்கே படிக்கலாம்? நான் முதலில் பார்க்கச் சொல்வது பந்திங் போலிடெக்னிக். அரசாங்கப் போலிடெக்னிக், விமானப் பராமரிப்பிலேயே தனியாக டிப்ளோமா இருக்கிறது, கட்டணத்தைத் தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது, அவ்வளவு குறைவு. மனு யு.பி.யு. என்ற அரசாங்க உயர்கல்விப் பொது மனு முறை வழியாகத்தான் போகும், தேதியைத் தவறவிட்டால் போச்சு. இரண்டாவது, டெங்கிலில் இருக்கும் யூனிகேஎல் மியாட், கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம். இது நெடுநாளாகப் பெயர் பெற்ற இடம், இந்தத் துறையில் எல்லா ஹேங்கரிலும் (விமானங்களை நிறுத்திப் பார்க்கும் பெரிய கொட்டகை) அங்கே படித்தவர்கள் இருப்பார்கள், கட்டணம் கூடுதல். சுபாங், சிப்பாங் பக்கம் தனியார் பயிற்சி நிறுவனங்களும் உண்டு, அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. எதுவானாலும் மேலே சொன்ன இரண்டு முத்திரையையும் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்று கேளுங்கள்: ‘கடைசியாக முடித்து வெளியே போன பேட்ச்சில் எத்தனை பேர், எந்த ஹேங்கரில் அந்த 2 வருட அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்?’ பதில் உடனே வந்தால் நல்ல இடம். பேச்சைச் சிமுலேட்டருக்கும் ஏர்கான் வகுப்பறைக்கும் திருப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டிகிரி பற்றிக் கேட்டீர்கள். நிபோங் திபாலில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் ஏரோஸ்பேஸ் பொறியியல் இருக்கிறது, யு.பி.எம்., யு.டி.எம். பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறைப் படிப்பு இருக்கிறது. அது விமானத்தை வடிவமைக்கிற, கணக்கிடுகிற படிப்பு. மதிப்பான படிப்புதான், ஆனால் அதை முடித்தவர் விமானத்தில் கையெழுத்திட முடியாது, அதற்கு லைசென்ஸ் பாதையில் தனியாக நடந்து வர வேண்டும். இரண்டிலும் ‘இன்ஜினியர்’ என்ற சொல் வருவதால் வரும் குழப்பம் இது. தம்பிக்குக் கைவேலை பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அப்படியானால் லைசென்ஸ் பாதைதான்.

பி1, பி2 விஷயம் சுருக்கமாக. பி1 என்றால் இன்ஜின், சக்கரம், பிரேக், ஹைட்ராலிக், உடல், அதோடு மின்சார அமைப்புகளும். பி2 என்றால் ஏவியானிக்ஸ்: ரேடியோ, ரேடார், ஆட்டோபைலட், கணினிகள். பி1-க்கு ஆள் தேவை எண்ணிக்கையில் அதிகம். பி2-க்கு ஆள் குறைவு, ஆனால் நல்ல பி2 ஆளுக்கு எங்கே போனாலும் மதிப்பு. வீட்டில் மோட்டார் சைக்கிளைப் பிரிக்கிறவனா, பழைய ரேடியோவைப் பிரிக்கிறவனா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் இப்போதே ஒரு நல்ல கண் மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள், வேலைக்கு எடுக்கும்போது பல நிறுவனங்கள் பார்க்கும். ஒயர் நிறம் பிரித்துத் தெரியாத பிள்ளையை மூன்று வருடம் படிக்க வைத்துவிட்டு அப்புறம் கண்டுபிடிப்பது பாவம்.

அடுத்ததை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மதிப்பெண்ணைவிட இதுதான் தம்பி இந்தத் தொழிலில் நிற்பானா மாட்டானா என்று தீர்மானிக்கும்.

என் அப்பா அந்த ஆலையில் பெயர் பெற்ற ஃபிட்டர். ஆலையில் ஒரு பம்பு நின்றால் பழம் தேங்கும், மேனேஜர் பட்டறை வாசலில் வந்து நின்றுவிடுவார். அப்பா பழைய போல்ட்டைக் கழற்றி, பால் டின்னில் கொட்டிக் கிடக்கும் போல்ட்டுகளுக்குள் கையைவிட்டுத் துழாவி, ஒன்றை எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, ‘இது உட்காரும்’ என்பார். உட்காரும். கம்பி இருந்தால் கம்பி, டியூப் ரப்பர் இருந்தால் ரப்பர், எப்படியாவது இயந்திரத்தை ஓட வைத்துவிடுவார். தோட்டத்துப் பட்டறையில் கெட்டிக்காரன் என்றால் அவர்தான். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கே இந்த ஆசை வந்தது, பட்டறையில் சாவிகளை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை எனக்கு வகுப்பில் எவ்வளவோ உதவியது. ஆனால் அவர் செய்தவற்றில் அந்த ஒன்றை மட்டும், பழைய போல்ட்டைப் பார்த்துப் புதியதை எடுக்கிற அந்தப் பழக்கத்தை மட்டும், நான் மறக்க வேண்டியிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். 1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5390, பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் போன விமானம். 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு வெளியே பறந்துவிட்டது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே இருந்த பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை பைலட் விமானத்தை சவுத்ஹாம்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தது பெரிய அதிசயம். விசாரணையில் என்ன தெரிந்தது என்றால், அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்னால்தான் மாற்றப்பட்டிருந்தது, அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் குறுக்களவில் 0.026 அங்குலம் சிறியவை, முக்கால் மில்லிமீட்டர்கூட வராத வித்தியாசம், மீதி 6 போல்ட்டுகள் நீளத்தில் குறைவு. மாற்றியவர் ஷிஃப்ட் மேலாளர், அனுபவசாலி, ஆள் பற்றாத இரவில் வேலை நிற்கக் கூடாது என்று தானே இறங்கிச் செய்தவர். அவர் செய்ததும் என் அப்பா செய்ததுதான். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்து அதே மாதிரி பொறுக்கி எடுத்தார், பாகப் பட்டியலில் எண்ணைப் பார்க்கவில்லை. இதில் இன்னொன்று, கழற்றிய பழைய போல்ட்டுகளே கையேடு சொன்ன அளவு கிடையாது. சரியான கைப்பழக்கம் உள்ள ஒரு நல்ல மனிதர் தவறான ஒன்றைப் பார்த்து, கண்ணுக்கு அதே மாதிரி தெரிந்ததை எடுத்துப் போட்டார். அப்படிப் பட்டறையிலிருந்து வந்த எனக்கு, வகுப்பில் இதைக் கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஹேங்கரில் கெட்டிக்காரன் என்றால், எப்படியாவது ஓட வைக்கிறவன் கிடையாது. கையேடு சொன்ன பாகம் இல்லையென்றால் ‘விமானம் நிற்கட்டும்’ என்று சொல்லத் தைரியம் உள்ளவன். மேலே விமான நிறுவனத்து ஆள் கடிகாரத்தைப் பார்ப்பார், கீழே பயணிகள் வரிசையில் நிற்பார்கள், அப்போதும் சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதுகூடக் கைக் கணக்கு இல்லை, எண் கொடுத்திருப்பார்கள், டார்க் ரெஞ்சு வைத்து முறுக்கி, அந்த ரெஞ்சு கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பயிற்சியில் இரண்டாம் வருடம், இரவு ஷிஃப்டு முடிகிற நேரம். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கும், எது இல்லை என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு சின்ன சாக்கெட்டின் குழி காலியாக இருந்தது, சுண்டுவிரல் நுனி அளவு சாமான். விடியற்காலை ஐந்து மணி, விமானம் ஏழுக்குக் கிளம்ப வேண்டும். கடையில் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. கால் நடுங்கிக்கொண்டே போய் மூத்தவரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராகப் போய் டெக் லாக்கில் எழுதி விமானத்தை நிறுத்திவிட்டார். எட்டுப் பேர் மூன்று மணி நேரம் தேடினோம். இறக்கைக்கு அடியில் ஃபிளாப் மூடியின் உள் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. விமானம் தாமதமாகத்தான் போனது. விசாரணை நடந்தது, எழுதிக் கொடுத்தேன். அந்த மூத்தவர் போகும்போது ‘நாளைக்கும் என் ஷிஃப்டுக்கே வா’ என்று மட்டும் சொன்னார்.

அதனால் தங்கச்சி, தம்பியின் ரிசல்ட் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை யோசித்துப் பாருங்கள்: வீட்டில் ஒரு பொருளை உடைத்தால் தானே வந்து சொல்கிற பிள்ளையா, இல்லை மறைத்து ஒட்டி வைக்கிற பிள்ளையா? கணக்கில் பி எடுத்தவனை ஏ ஆக்கிவிடலாம், அதற்கு டியூஷன் இருக்கிறது. மறைக்கிற பழக்கம் உள்ளவன் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது, அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

ஆங்கிலத்தில் சி என்று கவலைப்பட்டிருந்தீர்கள். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன ஆள்தான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். விமானக் கையேடுகளின் ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் மாதிரி இருக்காது. தாய்மொழி வேறாக உள்ள மெக்கானிக்குகள் உலகம் முழுவதும் தப்பில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒன்றை 1980களில் உருவாக்கினார்கள். பொதுச் சொற்கள் சில நூறுதான், முடிந்தவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ‘ஃபாலோ’ என்றால் அதில் ‘பின்னால் வருவது’ மட்டும்தான், விதியைப் பின்பற்று என்று சொல்ல ‘ஒபே’ என்று எழுதுவார்கள். தினம் இரண்டு பக்கம் அகராதி வைத்துப் படித்தால் ஒரு வருடத்தில் பிடிபட்டுவிடும். தம்பி பயப்பட வேண்டியது கையேட்டுக்கு இல்லை, நேர்முகத் தேர்வில் வாய்திறந்து பேசுவதற்குத்தான். அதற்கு இப்போதிருந்தே யாரோடாவது பேசிப் பழகட்டும்.

நம் பிள்ளைகளை எடுப்பார்களா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். என் ஷிஃப்டில் மலாய்க்காரர், சீனர், நம்மவர், சபா சரவாக் ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம். லைசென்ஸும் ரேட்டிங்கும் கையில் உள்ள ஆளுக்கு நிறம் பெரிய விஷயமாக இருந்து நான் பார்த்ததில்லை, கையெழுத்திட ஆள் இல்லாமல் ஒரு விமானம் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்துக்குப் பணம். சிரமம் வருவது அதற்கு முந்தின கட்டத்தில், படித்து முடித்து அனுபவம் தேடி அலையும் அந்த முதல் இரண்டு வருடத்தில். அங்கே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் குறைவு, எந்த ஹேங்கர் எப்போது ஆள் எடுக்கிறது என்று சொல்ல அண்ணனோ மாமாவோ உள்ளே இருப்பதில்லை. மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஏசியா குழுமத்திலிருந்து வந்த ஏ.டி.இ. (ஏசியா டிஜிட்டல் இன்ஜினியரிங்) என்று விமான நிறுவனப் பெயர்களை மட்டும் பார்க்காதீர்கள். ஏர்பஸ்ஸுக்குச் சொந்தமான சிப்பாங் ஏர்கிராஃப்ட் இன்ஜினியரிங், சுபாங்கில் ஜி.இ. இன்ஜின் பட்டறை, ராணுவ விமானங்களைப் பார்க்கும் ஏர்ரோட், எல்லா இடத்திலும் மனுப் போட வேண்டும். பெண் பிள்ளைகளும் இப்போது ஷிஃப்டில் இருக்கிறார்கள், உங்கள் சொந்தத்தில் அப்படி யாராவது கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விமானத் துறை ஏறும்போது நன்றாக ஏறும், விழும்போது ஒரே நாளில் விழும். மலேசியா ஏர்லைன்ஸ் 2014-15 சீரமைப்பில் 6,000 வேலைகளைக் குறைத்தது. 2020-இல் கோவிட் வந்தபோது விமானங்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன, தொழிலை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. அதனால்தான் கடனைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். லைசென்ஸ் வீண்போகாது, மறுபடி ஏறும்போது கைகொடுக்கும், வெளிநாட்டுக்கும் வழி திறக்கும். ஆனால் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனால் அந்தந்த நாட்டு ஆணையத்தின் விதிப்படி மாற்றிக்கொள்ள வேண்டும், நம் லைசென்ஸை அப்படியே நீட்ட முடியாது. இடையில் வேலை இல்லாத ஒரு வருடம் வந்தால் வீடு தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

வேலை எப்படி என்றால், வெயிலும் மழையும் இரவும். விமானம் பகலில் பறக்கும், நாங்கள் ராத்திரியில் பார்ப்போம். தீபாவளியன்று ஷிஃப்டு விழும். ஹைட்ராலிக் எண்ணெய் ஸ்கைட்ரால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் துடித்துப் போவோம். இதெல்லாம் அம்மாவுக்கும் தெரியட்டும், கோட்டு சூட்டு வேலை என்று யாராவது சொல்லியிருந்தால். ‘மெக்கானிக் வேலைதானே’ என்று உறவில் யாராவது இளக்காரமாகச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு இன்ஜின் செய்தவர் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர், ஆறு வாரத்தில் 12 குதிரைசக்தி இன்ஜினைச் செய்து கொடுத்தார். எங்கள் தொழிலின் மூதாதை அவர்.

இனி உடனே செய்ய வேண்டியது. முன்பணத்தை இந்த மாதம் கட்டாதீர்கள், ‘இடம் போய்விடும்’ என்று எத்தனை முறை போன் வந்தாலும் சரி. அந்தக் கல்லூரியின் பெயர் சி.ஏ.ஏ.எம். பட்டியலில் இருக்கிறதா, எந்த வகைக்கு இருக்கிறது என்று பாருங்கள். யு.பி.யு. மனு திறந்திருந்தால் பந்திங்கை முதல் தேர்வாகப் போடுங்கள். நிறக்குருடு சோதனையை சிரம்பானில் ஒரு நாளில் முடித்துவிடலாம். அதுவரை தம்பியைச் சும்மா வைக்காமல், பகாவ் பட்டணத்தில் நல்ல மோட்டார் பட்டறை எதிலாவது இரண்டு மாதம் சேர்த்துவிடுங்கள். கையில் எண்ணெய் பட்டு, ஒரு வேலையைத் தப்பாகச் செய்து, திரும்பப் பிரித்துச் சரியாகச் செய்து பார்க்கட்டும். அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகும் வேண்டும் என்று சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பந்திங் நேர்முகத் தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று அவனிடமே பேசுகிறேன்.